ஆசிரியர் பாராட்டு வாரமும் தமிழ்ப் பெற்றோரும்

(அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர், இளையோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ பள்ளி சென்றவர்களுக்கு 'ஆசிரியர்' என்றவுடன் நினைவுக்கு வருவது அன்பும் அச்சமும் கலந்த ஒரு தொலைவு. அவர் வகுப்பறைக்குள் நுழைந்ததும் எழுந்து நிற்பது, தெருவில் எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி ஒதுங்குவது, பெயரைச் சொல்லாமல் 'சார்' என்றும் 'டீச்சர்' என்றும் அழைப்பது ஆகியவை அந்தத் தொலைவின் அடையாளங்கள். பெற்றோர் பள்ளிக்குச் சென்ற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளையைச் சேர்த்த நாள் ஒன்று. பிள்ளை ஏதோ குறும்பு செய்து, "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்பிய நாள் மற்றொன்று. மற்றபடி, பள்ளியின் காரியத்தில் தலையிடாமல் இருப்பதே ஆசிரியருக்குப் பெற்றோர் செய்யும் மரியாதையாக இருந்தது.

அந்த மரியாதையைத் தமிழ்க் குடும்பங்கள் பெட்டிப் படுக்கையோடு அமெரிக்காவுக்கும் கொண்டுவந்து விடுகின்றன. இங்கே அதன் பொருள் மாறிப்போகிறது. அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பெற்றோரின் முகத்தை எதிர்பார்க்கிறார். ஆண்டுத் தொடக்கத்தில் நடைபெறும் 'பேக் டு ஸ்கூல் நைட்', அதன்பின் வரும் பெற்றோர் சந்திப்பு, வகுப்புக் கொண்டாட்டங்கள் ஆகியவற்றுக்கு வராதவரையும், வந்தாலும் தலையை ஆட்டிவிட்டு மௌனமாகத் திரும்புகிறவரையும் பிள்ளையின் படிப்பில் அக்கறையில்லாதவர் என்று அவர் எண்ணிவிடக் கூடும். பணிவினால் பேசாமல் இருந்தவர் அலட்சியத்தால் பேசாதவராகத் தோன்றுகிறார். இதன் விலையைக் கொடுப்பது பிள்ளை. வீட்டுக்கு அனுப்பிய குறிப்புக்கு மறுமொழி வராதபோது, அடுத்த குறிப்பை எழுதுவதற்கு எந்த ஆசிரியருக்கும் கை சற்றுத் தயங்கும். வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு அந்தத் தயக்கமே ஓர் ஆண்டு இழப்பாக முடியலாம்.

மே மாதம் வரும் ஆசிரியர் பாராட்டு வாரத்தைப் பற்றி இந்த அவையில் பேசுவதற்குக் காரணம் இதுவே. பூங்கொத்துக்கும் பரிசு அட்டைக்கும் தமிழர்களிடம் பஞ்சமில்லை. பள்ளிக்குள் இயல்பாகப் போய் நின்று பேசும் பழக்கமே இன்னும் பலருக்குக் கைவரவில்லை. ஆங்கிலம் சரளமாக வராத ஒரு தாய்க்கும் தந்தைக்கும், ஆண்டு முழுவதிலும் மிக எளிதாகத் திறக்கும் கதவு இந்த வாரமும் இதன் திட்டமிடலும்தான். அங்கே மதிப்பெண் பற்றியோ குறைபாடு பற்றியோ பேச வேண்டியதில்லை. மேசை போடலாம், தட்டு அடுக்கலாம், நன்றி சொல்லலாம். மொழி அவ்வளவாகத் தேவைப்படாத வேலைகள் அவை. ஆனால் அந்த வேலைகளுக்கிடையேதான் அறிமுகங்கள் உண்டாகின்றன.

இவ்வாரத்தின் பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். இந்தியாவில் டாக்டர் இராதாகிருஷ்ணனின் பிறந்த நாளான செப்டம்பர் 5, 1962 முதல் ஆசிரியர் நாளாக இருந்து வருகிறது. யுனெசுகோ அறிவித்த உலக ஆசிரியர் நாள் 1994 முதல் அக்டோபர் 5இல் வருகிறது. அமெரிக்காவில் நாடாளுமன்றம் 1980ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாளை அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் தேசிய ஆசிரியர் நாளாக அறிவித்தது. பின்னர் 1984இல் தேசியப் பெற்றோர் ஆசிரியர் கழகம் மே மாதத்தில் ஒரு முழு வாரத்தையே இதற்கென ஒதுக்கியது. அடுத்த ஆண்டு, ஆசிரியர்களின் தேசியச் சங்கம் அவ்வாரத்துச் செவ்வாய்க்கிழமையை ஆசிரியர் நாளாக ஏற்றுக்கொண்டது. இன்று மே மாதத்தின் முதல் முழு வாரம் என்பதே வழக்கு. ஆக, இந்த வாரம் அரசு ஆணையால் பிறந்ததன்று, பெற்றோர்களால் பிறந்தது.

அந்தப் பெற்றோர் கழகத்தின் வரலாறும் புலம்பெயர்ந்தோர் அறியத் தக்கது. 1897இல் ஆலிஸ் மெக்லெல்லன் பர்னி, ஃபீபி ஆப்பர்சன் ஹெர்ஸ்ட் என்ற இரு பெண்மணிகள் வாஷிங்டனில் அன்னையர் மாநாடாகத் தொடங்கியது அது. நிறத்தால் பள்ளிகள் பிரிக்கப்பட்டிருந்த காலத்தில், கறுப்பினப் பிள்ளைகளின் பெற்றோருக்கென 1926இல் செலினா ஸ்லோன் பட்லர் தனித் தேசியக் கழகம் ஒன்றைக் கண்டார். இரண்டும் ஒன்றானது 1970இல்தான். தம் பிள்ளைகளின் பள்ளிக்குள் ஓர் இருக்கை வேண்டுமென்று கறுப்பினப் பெற்றோர் நெடுங்காலம் உழைத்தனர். அந்த இருக்கை இன்று தமிழ்ப் பெற்றோருக்கும் திறந்தே கிடக்கிறது. மாதம் ஒருமுறை நடைபெறும் கழகக் கூட்டத்துக்குப் போய் உட்கார வேண்டியதுதான் மீதி. தமிழ்ச் சங்கத்தில் மேடையலங்காரம் முதல் ஒலிபெருக்கி வரை பார்த்துக்கொள்ளும் நண்பர்கள் பலர், தம் பிள்ளையின் பள்ளிக் கழகக் கூட்டம் எந்தக் கிழமை என்று கேட்டால் விழிப்பதைக் காணலாம்.

கணினித் துறையில் பணிபுரியும் பெற்றோர், திட்டமிடல் என்றதும் விரிதாள் ஒன்றைத் திறந்து வண்ணம் தீட்டத் தொடங்கிவிடுவர். அது நல்லதே, எனினும் முதல் வேலை அதுவன்று. பள்ளிக்குள் தொண்டாற்றும் தகுதியைப் பெறுவதே முதல் வேலை. மாநிலத்துக்கு மாநிலம், கல்வி வட்டத்துக்கு வட்டம் விதிகள் வேறுபடுகின்றன. பென்சில்வேனியாவில் பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் தொண்டர்கள் சிறார் பாதுகாப்புச் சான்றும் மாநிலக் காவல்துறைச் சான்றும் பெற்றாக வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளும் அம்மாநிலத்திலேயே வாழாதவர் கூட்டரசின் கைரேகைச் சோதனைக்கும் செல்ல வேண்டும். புதிதாகக் குடியேறிய தமிழர் அனைவரும் இந்தப் பிரிவில்தான் வருவர். இச்சான்றுகள் கைக்கு வர நாட்கள் ஆகும் என்பதால் ஏப்ரல் இறுதியில் ஆர்வம் பிறந்து பயனில்லை. பிப்ரவரியிலேயே பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். எச்-4 நுழைவுரிமையில் வாழும் தாய்மார்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழுவதுண்டு. வேலை செய்ய அனுமதியில்லாதவர் பள்ளியில் உதவலாமா என்பது அது. எல்லாப் பெற்றோரும் ஊதியமின்றிச் செய்கின்ற பள்ளித் தொண்டு, வேலை பார்ப்பதில் சேராது. படித்த படிப்பும் பார்த்த வேலையும் ஊரோடு நின்றுவிட்டதே என்று வீட்டுக்குள் மறுகும் பெண்கள் பலருக்கு இத்தொண்டு வெளியுலகின் முதல் வாயிலாக அமைந்திருக்கிறது. பெற்றோர் கழகத்தின் கணக்கை ஒழுங்காக எழுத ஆள் தேடும் பள்ளிகள் ஏராளம். வணிகவியல் படித்த தமிழ்ப் பெண்களும் ஏராளம்.

அடுத்தது, யாருக்கு நன்றி சொல்வது என்பது. பாராட்டு வாரம் என்றால் வகுப்பாசிரியருக்கு மட்டும் என்று நினைப்பது எளிதில் நேரும் பிழை. ஒரு தொடக்கப் பள்ளியில் 25 வகுப்பாசிரியர் இருந்தால் பணியாளர் எண்ணிக்கை எளிதில் 50ஐத் தாண்டும். இசை, ஓவியம், உடற்பயிற்சி ஆசிரியர்கள், நூலகர், செவிலியர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர், வகுப்பு உதவியாளர், அலுவலகச் செயலர், உணவகப் பணியாளர், துப்புரவுப் பணியாளர், பேருந்து ஓட்டுநர், சாலை கடக்க உதவுபவர் எனப் பட்டியல் நீள்கிறது. பள்ளிச் செவிலியர் நாள் பெரும்பாலும் இதே வாரத்துப் புதன்கிழமையில் வருகிறது. மே மாத முதல் வெள்ளியை உணவகப் பணியாளர் நாளாக 2013 முதல் பல பள்ளிகள் கொண்டாடுகின்றன. பட்டியலைப் பள்ளி அலுவலகத்திலிருந்தே பெற வேண்டும். பள்ளியின் இணையப் பக்கத்தை நம்பினால், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வந்துபோகும் ஒருவர் கட்டாயம் விடுபட்டுப்போவார். பெயர் விடுபட்ட பாராட்டைவிடப் பாராட்டே இல்லாதிருப்பது மேல்.

அந்தப் பட்டியலில் தமிழ்க் குடும்பங்கள் தனியே நினைத்துப்பார்க்க வேண்டியவர் ஒருவர் உண்டு. அவரே இ.எஸ்.எல். என்று வழங்கப்படும் ஆங்கிலம் பயிற்றும் ஆசிரியர். வீட்டில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்து, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதைக்கூட ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல் முதல் நாள் அழுத பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார். அவர் அந்த அறையில் இருப்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. சான் பிரான்சிசுகோவில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகள் எந்தத் துணையுமின்றி வகுப்பில் அமர்த்தப்பட்டபோது அவர்கள் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். லாவ் எதிர் நிக்கல்சு என்ற அவ்வழக்கில், புரியாத மொழியில் பாடம் நடத்திவிட்டு எல்லோருக்கும் சமமான கல்வி கொடுத்ததாகச் சொல்ல இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது. சீனப் பெற்றோர் கேள்வி கேட்டதால் கிடைத்த பயனைத் தமிழ்ப் பிள்ளைகளும் நுகர்கின்றனர். 'இவ்வளவு செய்யும் பள்ளியிடம் போய்க் குறை சொல்வதா' என்று தயங்கும் பெற்றோர் இதை மனத்தில் கொள்ளுதல் நலம். மே மாதத்தில் நன்றி சொன்ன வாய், அக்டோபரில் "என் பிள்ளைக்கு வாசிப்பில் கூடுதல் உதவி வேண்டும்" என்று கேட்கலாம். நன்றி சொல்லிப் பழகியவரின் கேள்வியை ஆசிரியரும் பகையாகக் கொள்ள மாட்டார்.

இனிப் பணம். பலருக்கும் கூச்சம் தரும் பேச்சு இது. ஆயினும் பேசியே ஆகவேண்டும். மென்பொருள் நிறுவனங்கள் சூழ்ந்த ஊர்களில், ஆசிரியருக்குப் பெரிய தொகைக்குப் பரிசு அட்டை கொடுப்பதில் பெற்றோரிடையே மறைமுகப் போட்டி நிலவுவதுண்டு. அதே வகுப்பில், வாடகைக்கே திணறும் வீட்டுப் பிள்ளையும் இருக்கிறது. தன் கையில் ஒன்றுமில்லாமல் வந்து நிற்கும் அந்தப் பிள்ளைக்கு அந்த வாரம் ஐந்து நாளும் தண்டனை. மாசசூசெட்சு மாநிலத்தின் விதி இங்கே நல்ல வழிகாட்டி. அங்கே பொதுப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடமிருந்து 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசு பெறலாகாது. வகுப்பு முழுவதும் சேர்ந்து கொடுத்தால் 150 டாலர் வரை போகலாம். ஆனால் யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பது ஆசிரியருக்குத் தெரியக் கூடாது. இப்படியொரு விதி இல்லாத மாநிலங்களிலும் இம்முறையைப் பின்பற்றத் தடையேதுமில்லை. வகுப்புப் பெற்றோர் அனுப்பும் மின்னஞ்சலில் தொகை எதையும் குறிப்பிடாமல், "விரும்பியதைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம், வாழ்த்து அட்டையில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இடம்பெறும்" என்று எழுதினால் போதும்.

பரிசாக எதைக் கொடுப்பது? காப்பிக் கோப்பை வேண்டா. இருபது ஆண்டு பணியாற்றிய ஆசிரியர் வீட்டில் 'உலகின் சிறந்த ஆசிரியர்' என்று பொறித்த கோப்பைகள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப்பார்த்தால் இது விளங்கும். பல பள்ளிகளில் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆசிரியர்களின் விருப்பங்களைக் கேட்டு ஒரு தாள் நிரப்பி வாங்கிவைத்திருப்பர். அதைப் பார்த்து வாங்குவதே முறை. வகுப்புக்குத் தேவையான பொருள்களும் மிகவும் வரவேற்கப்படுபவை. அமெரிக்கக் கல்வித் துறையின் புள்ளியியல் மையம் 2015–16 பள்ளியாண்டில் நடத்திய கணக்கெடுப்பின்படி, பொதுப்பள்ளி ஆசிரியர்களில் 94 விழுக்காட்டினர் வகுப்புக்காகத் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டனர். அவர்களின் சராசரிச் செலவு ஆண்டுக்கு 479 டாலர். பென்சிலும் தாளும் பசையும் முகந்துடைக்கும் தாளும் அப்பணத்தில்தான் வருகின்றன.

வாரத்தின் நடுவில் ஆசிரியர்களுக்கு விருந்து வைப்பது பெரும்பாலான பள்ளிகளின் வழக்கம். தமிழ்க் குடும்பங்கள் முன்வந்து நிற்கும் இடமும் இதுவே. இட்லியும் வடையும் கேசரியும் தட்டுத் தட்டாக வந்து இறங்கும். மகிழ்ச்சிதான், எனினும் விருந்தோம்பலின் பெயரால் எவரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடக் கூடாது. கேசரியில் முந்திரி இருக்கிறது. இட்லிப் பொடியில் எள் இருக்கிறது, அதைக் குழைக்கும் நல்லெண்ணெயும் எள்ளே. அமெரிக்கச் சட்டம் 2023ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் எள்ளையும் முதன்மை ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்பதாவதாகச் சேர்த்துள்ளது. சாம்பாரில் கோதுமை ஏது என்று தோன்றலாம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு "இது அரிசியும் பருப்பும்தான்" என்று உறுதி கூறிப் பரிமாறிவிட்டால் விளைவு வீட்டுக்காரருக்கே தெரியாது. ஆகவே ஒவ்வொரு தட்டின் முன்னும் உள்ளடக்கம் முழுவதையும் எழுதிய சீட்டு ஒன்று நிற்க வேண்டும். வீட்டில் சமைத்த உணவைப் பள்ளி ஏற்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். 2019இலும் 2021இலும் இவ்வாரம் இரமலான் நோன்புக்குள் வந்தது. நோன்பிருக்கும் ஆசிரியர் முன் பகல் விருந்தை விரித்துவிட்டு நன்றி என்று சொல்வது பொருந்தாது. அவருடைய பங்கை எடுத்துச்செல்லும்படி கட்டிக் கொடுக்கலாம்.

விருந்தைவிட அரிய பொருள் ஒன்று ஆசிரியர்களுக்கு உண்டு. அது அரைமணி நேர ஓய்வு. மதிய உணவு வேளையிலும் விளையாட்டு வேளையிலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தகுதிச் சான்று பெற்ற பெற்றோர் வந்து நின்றால், ஆசிரியர்கள் உட்கார்ந்து சூடாக உண்ண முடியும். இதற்குப் பள்ளி முதல்வரின் ஒப்புதல் தேவை. அலுவலகத்தில் அன்று அரைநாள் விடுப்பு எடுத்துவரும் தந்தையரைப் பிள்ளைகள் நெடுநாள் நினைவில் வைத்திருப்பர். தாய்மார் மட்டுமே பள்ளிக்கு வருவர் என்ற எண்ணமும் அன்றோடு சற்றுத் தளரும்.

இவை எல்லாவற்றையும் கடந்து ஆசிரியர்கள் பெட்டியில் பூட்டிவைப்பது கடிதங்களை. ஆனால் கடைக்காரர் அச்சிட்ட வாழ்த்துக்குக் கீழே பெயர் மட்டும் எழுதிய அட்டை கடிதமாகாது. ஏழு வயதுப் பிள்ளையிடம் "ஆசிரியருக்கு நன்றி எழுது" என்றால் "நீங்கள் நல்லவர்" என்று எழுதிவிட்டு விளையாடப் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இந்த ஆண்டு எந்த நாளில் பயந்தாய்? அப்போது அவர் என்ன செய்தார்? முன்பு தெரியாதது எது, இப்போது தெரிந்தது எது? அப்போது வரும் விடைகள் பெற்றோருக்கே புதியனவாக இருக்கும். 'கழித்தலில் கடன் வாங்குவது எனக்குப் புரியவில்லை, நீங்கள் நாணயங்களைக் கொட்டிக் காட்டினீர்கள்' என்ற ஒரு வரி, நூறு அடைமொழிகளுக்குச் சமம். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டா, பிழையோடு போகட்டும்.

அந்தக் கடிதத்தில் பிள்ளை தன் பெயரைத் தமிழிலும் எழுதட்டும். தமிழ்ப் பெயர்களால் அமெரிக்கப் பள்ளி அலுவலகங்கள் படும் பாடு தெரிந்ததே. தந்தையின் பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகிறது, தாயையும் அதே பெயரால் அழைக்கின்றனர், பாட்டன் பெயர் எங்கோ நுழைந்துகொள்கிறது. எழிலன் என்ற பெயரின் ழகரத்தில் நாக்கு இடறாத ஆசிரியர் அரியர். ஆயினும் செப்டம்பரில் பிள்ளையைத் தனியே அழைத்து, "உன் வீட்டில் உன்னை எப்படி அழைப்பார்கள்? எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேட்டுப் பயின்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்லும் கடிதத்தில் அந்தப் பெயர் அதன் சொந்த எழுத்தில் இருப்பது பொருத்தம். பெற்றோரும் தம் பங்குக்கு நான்கு வரி எழுதலாம். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் எழுதி, மூத்த பிள்ளையைக் கொண்டு கீழே மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். மொழியைக் காரணம் காட்டி மௌனமாகிவிட வேண்டாம்.

இளையோர்க்கு ஒரு சொல். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நீங்கள், தொண்டு மணிகளைக் கணக்குக் காட்ட எங்கெங்கோ இடம் தேடுகிறீர்கள். நீங்கள் படித்த தொடக்கப் பள்ளி பத்து நிமிடத் தொலைவில் இருக்கிறது. பூக்களைக் கட்டவும், மேசைகளை நகர்த்தவும், ஆங்கிலம் அறியாத பெற்றோருக்குப் பதிவுத் தாளைப் படித்துச் சொல்லவும் அங்கே ஆள் வேண்டும். உங்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் இன்னும் அதே அறையில் இருக்கக்கூடும். நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். தம்மிடம் படித்த ஏழு வயதுப் பிள்ளை பின்னர் என்ன ஆனது என்பது தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை.

முடிவாகச் சில செயல்முறைக் குறிப்புகள். பிப்ரவரியில் கழகக் கூட்டத்துக்குச் சென்று, பாராட்டு வாரக் குழுவில் பெயர் கொடுக்க வேண்டும். சான்றுகளுக்கும் அப்போதே விண்ணப்பிக்க வேண்டும். மார்ச்சில் பணியாளர் பட்டியல், ஒவ்வாமை விவரம், மாநிலத் தேர்வு நாட்கள் ஆகியவை கைக்கு வந்துவிட வேண்டும். மே மாதம் பல மாநிலங்களில் தேர்வுக் காலமாதலால், தேர்வு நடக்கும் அறைக்கு வெளியே ஆரவாரம் ஆகாது. ஏப்ரலில் பதிவுத் தாள் சுற்றுக்கு வரும்போது இனிப்புக்கும் வடைக்கும் பெயர்கள் நிரம்பிவிடும். 'வெள்ளிக்கிழமை மாலை, அறையைத் துடைத்துக் குப்பையை வெளியேற்ற' என்ற வரிசை மட்டும் காலியாக நிற்கும். துப்புரவுப் பணியாளரும் பாராட்டுக்குரியவர் என்று பட்டியலில் எழுதிவிட்டு, ஒரு வாரக் குப்பையை அவர் தலையில் விட்டுவருவது எப்படி? அந்த வரிசையில் இரண்டு தமிழ்ப் பெயர்கள் முதலிலேயே ஏறிவிடட்டும்.